ஜன்னலோரக் கட்டில்

இங்கிலாந்தின் லெஸ்டரில் சாருமதிக்கு வாய்த்தது மாடிப்படிக்கு அடியிலிருந்த ஜன்னலில்லாத அறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதே வீட்டில் மாடியில் குடியிருக்கும் தோழி ஹர்லீனின் அறையை இரவல் வாங்கி, அங்கிருந்து ராஜபாளையத்துக்கு வீடியோ கால் போடுவாள். அந்த அறையில் பெரிய ஜன்னலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும் இருந்தன. அதுதான் மகளின் அறை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். இந்த ஞாயிறு அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"தங்கச்சிக்கும் விசா வந்துருச்சுடி. அடுத்த மாசம் உங்கூடதான் இருப்பா. அவளுக்கும் கட்டில் போட எடம் வேணும்ல? உன் கட்டில ஜன்னலோரமா இழுத்துப் போடு."

"அப்புறமா போடுறேம்மா."

"இப்பவே போடு. நான் பாக்கணும்."

சாருமதி போனை மேஜைமேல் சாய்த்துவைத்துவிட்டுக் கட்டிலை இழுத்தாள். அசைவேனா என்றது. வாசலில் டீயோடு காத்திருந்த ஹர்லீனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கோப்பையைக் கீழே வைத்தாள். போனுக்குத் தெரியாமல் குனிந்தபடியே வந்து தன் கட்டிலின் மறுமுனையைத் தூக்கினாள். கட்டில் ஜன்னலோரம் போய் நின்றது.

"ஒத்த ஆளா நகத்திட்டியே! அம்புட்டு லேசாவா இருக்கு?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றாள் சாருமதி, மூச்சு வாங்க.