ஒகுட்டுவின் முத்திரை

"சார், இதை மட்டும் திறந்துடாதீங்க!"

நெகேசா மேசைமேல் வைத்த பென் டிரைவைப் பார்த்துச் சிரித்தார் ஒகுட்டு. கிசுமு நகர மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். யாருடைய கணினிக்குள் என்ன வருகிறது, என்ன போகிறது என்று மோப்பம் பிடிக்கும் மென்பொருள் அவரிடம் இருந்தது. வேலை நேரத்தில் கால்பந்து பார்ப்பவர்களை அதை வைத்துப் பிடிப்பதில் மனிதருக்கு அலாதி சந்தோஷம்.

அந்த மென்பொருளிலேயே ஓட்டை இருக்கிறது என்று அவருக்குக் கீழே வேலை பார்க்கும் நெகேசா பத்து நாளாய்க் கத்திக்கொண்டிருந்தாள்.

"விஷமமான ஃபைல் ஒண்ணை அதுல திறந்தா போதும் சார். அனுப்பினவன் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து உட்கார்ந்துப்பான். எட்டாயிரம் நோயாளிங்க ரகசியம் அவன் கையில. எங்க அக்கா பேரும் அதுல இருக்கு. அப்டேட்டுக்கு ஒப்புதல் கொடுங்க சார்."

"நல்லா ஓடிட்டிருக்கிறதை எதுக்கும்மா நோண்டணும்? நாளைக்கு அது படுத்துக்கிட்டா என்னைத்தானே கேப்பாங்க? சரி, இந்த ஃபைல்ல என்ன சந்தேகம்?"

"பெரிய சந்தேகம் சார்."

"குடு. ஆபத்தானதா இல்லையான்னு பார்த்துச் சொல்றேன்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

"திறந்துதான்."

"எதுல?"

"இந்த மென்பொருள்லதான். வேற எதுல?"

நெகேசா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒகுட்டு திறந்தார். திரையில் எண்கள் வரிவரியாய் ஓடி நின்றன. அவர் மண்டாஸிப் பணியாரத்தை டீயில் தோய்த்து நிதானமாகத் தின்றார்.

"என்ன, வெடிச்சுதா? பயந்தாங்கொள்ளி!"

"அப்போ எழுதிக் கொடுத்துடுங்க சார். பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா என் தலை உருளக் கூடாது."

எழுதிக் கொடுப்பதென்றால் ஒகுட்டுவுக்குக் கை துறுதுறுக்கும். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். 'ஃபைலை நானே திறந்து சோதித்தேன். மென்பொருளில் எந்த ஓட்டையும் இல்லை' என்று எழுதி, ஒன்றுக்கு மூன்றாகக் குத்தினார். பிறகு ஊதிக் காயவைத்து நீட்டினார்.

நெகேசா அதை வாங்கிக்கொள்ளவும் தொலைபேசி அடிக்கவும் சரியாக இருந்தது. அப்டேட் ஏற்றும் பராசா பேசினான்.

"உங்க ஒப்புதல் வந்துச்சு சார். உங்களோடதையும் சேர்த்து எல்லாக் கம்ப்யூட்டர்லயும் புதுசு ஏறிட்டிருக்கு."

"எந்த ஒப்புதல்? நான் கொடுக்கவே இல்லையே!"

"உங்க கம்ப்யூட்டர்லேருந்து, உங்க பேர்லதானே வந்துச்சு? பத்து நிமிஷம் முன்னாடி."

பத்து நிமிஷம் முன்னால் என்ன செய்தோம் என்று யோசித்த ஒகுட்டு பென் டிரைவைப் பார்த்தார். பிறகு நெகேசாவைப் பார்த்தார்.

"இது... நீ செஞ்ச ஃபைலா? என் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து நீதான் ஒப்புதல்..."

"அதெப்படி சார் முடியும்?" என்று தாளைப் பிரித்துக் காட்டினாள் நெகேசா. "ஓட்டையே இல்லைன்னு மூணு முத்திரை குத்தியிருக்கீங்களே!"