ஜாடியிலிருந்து வந்த தைரியம்

"இன்னா அண்ணாத்த, இது ஏறிகினு கீதா இல்லியா?" என்று கேட்டான் ஜெபக்குமார், தம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து.

"பொறு. அரிசி ஒயின் மெதுவாத்தான் வேலை செய்யுமாம். வீடியோவுல சொன்னாங்க" என்றார் ரவிச்சந்திரன்.

கல்பாக்கம் குவார்ட்டர்ஸின் பின்பக்க பால்கனியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இருவரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி. பச்சரிசிச் சோற்றில் ஈஸ்ட்டைப் பிசைந்து, தண்ணீர் ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, பூந்தொட்டிகளுக்குப் பின்னால் ரவிச்சந்திரன் ஒளித்து வைத்திருந்த ஜாடி அது. மனைவி வசுமதியிடம் ரோஜாச் செடிக்கு உரம் என்று சொல்லியிருந்தார். இன்று ருசி பார்க்கத் துணைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று, கூட வேலை பார்க்கும் ஜெபக்குமாரைச் சதுரங்கப்பட்டினம் போய் ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தார்.

இத்தனை பாடும் ஒரே ஒரு வார்த்தை பேசுவதற்காகத்தான்.

வசுமதியின் தம்பி அருணகிரி, செங்கல்பட்டில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மறுநாள் பெட்டியோடு இங்கே வருவதாக இருந்தான். போன தடவை ஒரு வாரம் என்று சொல்லி வந்தவன், மழைக்காலம் முடிந்துதான் கிளம்பினான். ரவிச்சந்திரனின் புது பனியன்களையெல்லாம் போட்டுத் தொளதொளவென்று ஆக்கிவிட்டான். டி.வி. ரிமோட்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

'அவன் வர வேண்டாம்' என்று வசுமதியிடம் சொல்ல வேண்டும். அவள் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாத ரவிச்சந்திரனுக்கு, அதைச் சொல்ல உள்ளே ஏதாவது போக வேண்டியிருந்தது. கடையில் போய் வாங்கலாம் என்றால், வரிசையில் நிற்பதை ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்துத் தொலைப்பார்கள்.

அடுத்தடுத்த தம்ளர்களில் ஜெபக்குமாருக்குக் கண் சொருகியது.

"அண்ணாத்த, செவுரு ஆடுது பாரு. இன்னாமா கலக்கி வெச்சிகிற" என்று சுவரை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

ரவிச்சந்திரனுக்கும் காது மடல் சுட்டது. நாக்கு தடித்தது. இதுதான் சமயம் என்று எழுந்து, தள்ளாடித் தள்ளாடி ஹாலுக்கு வந்தார்.

வசுமதி சோபாவில் சாய்ந்து, ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வசு, உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

"பேசுங்க."

"அருணகிரி இங்க வரக் கூடாது." சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"சரி, வர வேண்டாம்."

கண்ணைத் திறந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் கேட்டிராத 'சரி' அது.

"அவன் என் பனியனைப் போடறான்."

"தப்புதான். பாவம் நீங்க."

தைரியம் தலைக்கு ஏறியது. "இந்த ஹாலுக்கு நீ அடிக்கச் சொன்ன ஊதாக் கலர் எனக்குப் பிடிக்கவே இல்ல."

"சகிக்கலைல்ல" என்று சிரித்தாள்.

"நீ வைக்கிற வத்தக்குழம்பு..."

"அதை எப்படித்தான் சாப்பிடறீங்களோ."

ரவிச்சந்திரன் அந்த வேகத்திலேயே போனை எடுத்து அருணகிரியைக் கூப்பிட்டார். "தம்பி, நாளைக்கு நீ வர வேண்டாம். வேற இடம் பார்த்துக்கோ."

"அக்காகிட்ட குடுங்க மாமா" என்றான் அவன், மிரட்டுகிற குரலில்.

வசுமதி போனை வாங்கினாள். "டேய், மாமா சொல்றதைக் கேளுடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சுவரைப் பிடித்துப் பிடித்து ஹால் வாசற்படி வரை வந்திருந்த ஜெபக்குமார், "அண்ணாத்த, நீ சிங்கம்" என்று தழுதழுத்தான்.

ரவிச்சந்திரனுக்கு நெஞ்சு நிறைந்து, கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடமா பொய் சொன்னோம் என்றிருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"வசு, என்னை மன்னிச்சிடு. அந்த ஜாடியில இருந்தது உரம் இல்ல. நானே செஞ்ச ஒயின். அதைக் குடிச்ச தைரியத்துலதான் இவ்வளவும் பேசினேன்."

வசுமதி அவர் தலையைப் பாசமாகக் கோதினாள்.

"நீங்க குடிச்சது பழைய சோத்து நீராகாரம்ங்க. நான்தான் ஊத்தி வெச்சேன்."

ஜெபக்குமார் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றான்.

"அப்போ ஒயின்?" என்றார் ரவிச்சந்திரன். நாக்குத் தடிப்பு இறங்கியிருந்தது.

"நீங்க இவரைக் கூட்டிட்டு வரப் போயிருந்தப்ப, உரத்துக்கா இவ்வளவு நல்ல வாசனைன்னு ஒரு வாய் குடிச்சுப் பார்த்தேன். அப்புறம் அது எப்படித் தீர்ந்துச்சுன்னே தெரியல" என்ற வசுமதி, எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சோபாவிலேயே சரிந்தாள். "நான் எதுக்கெல்லாம் சரின்னு சொன்னேன்னு காலைல தெளிஞ்சதும் கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க, என்ன?"