எதல்மிரா கொடுத்த சேவல்

எதல்மிரா பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டுக்குள் மண்டியிட்டு, பெட்டைக்கு அடியில் மெல்லக் கையை விட்டாள். முட்டை இன்னும் சூடாக இருந்தது. எடுத்துக் கம்பளிப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வாலில்லாத சேவல் ஒன்று பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டில் கொத்தியது.

“அடப்பாவி, என் உள்ளங்கையில சோளம் தின்னு வளர்ந்தவன்டா நீ!” என்று கிசுகிசுத்தாள். அது கேட்டபாடில்லை, மறுபடியும் கொத்தியது. என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ள இதற்குக்கூட வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“அக்கா?”

வாசலில் பால் வாளியோடு சுனில்டா நின்றாள். எப்போதும் விடிந்து அரை மணி நேரம் மாட்டுக் கொட்டிலில் இருப்பவள், இன்று பார்த்து சீக்கிரம் வந்துவிட்டாள்.

“நீயா? மூணு வாரமா நான் கறக்கப் போற நேரமாப் பார்த்து கோழி கத்துது. நரின்னுல்ல நினைச்சேன்! நேத்துதான் பொறி வைக்கணும்னு எம் புருஷன்கிட்ட சொன்னேன். வெச்சிருந்தா உன் கால் போயிருக்கும் அக்கா!”

எதல்மிரா போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயதுவரை அடுத்தவர் வேலியோரம் கிடந்த சுள்ளியைக்கூடத் தொடாதவள்.

“நாளைக்குச் சந்தைக்குக் கொண்டுபோற முட்டை அது. ஏரிக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைங்க அடை வைக்கணும்னு ரெண்டு மாசமா சொல்லி வெச்சிருக்காங்க. உனக்கு வேணும்னா வாயைத் திறந்து கேக்க மாட்டியா? நான் இல்லைன்னா சொல்லப்போறேன்?”

எதல்மிரா போர்வையை விரித்துக் காட்டினாள். ஒரு மடிப்பில் மூன்று பச்சை நிற முட்டைகள். இன்னொரு மடிப்பில் மூன்று நீல முட்டைகள்.

“எடுக்க வரலைடி. மாத்த வந்தேன். நீலம் என் வீட்டுக் கோழி போட்டது. பச்சை உன் வீட்டுது.”

“என் வீட்டுல பச்சையா? சுத்த இனம்னா நீலம்தான் போடும், பச்சைன்னா கலப்பு. உளறாத!”

அந்த வட்டாரத்தில் திராஃப்கிந்து என்னும் பண்டமாற்றுச் சந்தைக்கு இரண்டே விதிகள்தான். கொடுக்கிற விதை, கோழி எதுவானாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்கியதை வளர்க்க வேண்டும், தின்று தீர்க்கக் கூடாது. மீறியவரோடு அப்புறம் ஒருவரும் ஒரு பிடி விதைகூட மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

போன வருஷம் அங்கேதான் எதல்மிரா ஒரு இளஞ்சேவலைத் தூக்கிப் பிடித்து, “சுத்த நீல ரத்தம், என் அம்மா மேல ஆணை” என்று சொல்லி சுனில்டாவிடம் கொடுத்தாள். “எங்க வீட்டு நீலத்துலயும் ஒரு துளி பச்சை கிடையாது” என்று சுனில்டாவும் பெருமையாகச் சொல்லி, பதிலுக்கு ஒரு கூடை விதை உருளைக்கிழங்கு கொடுத்தாள்.

சேவல் முட்டை இடுமா என்ன? அதன் மகள்கள் முட்டையிடத் தொடங்கும்வரை, கொடுத்தவரின் வாய்ச்சொல்தான் சாட்சி.

“அதோட கூடப்பொரிச்ச பெட்டைங்க முட்டை போட ஆரம்பிச்சுது, எல்லாம் பச்சை” என்றாள் எதல்மிரா. “எங்கேயோ கலப்பு விழுந்திருக்கு. சத்தியமா எனக்கு முன்னாடி தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே ஓடி வந்து சொல்லியிருக்கணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிட்டேன். அம்மா மேல ஆணை வெச்சவ எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றது?”

“அக்கா...”

“உன் இளம்பெட்டைங்களும் முட்டைக்கு வந்துட்டுன்னு கேள்விப்பட்டு ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மூணு பச்சை. நெஞ்சே நின்னுபோச்சு. அன்னையிலேர்ந்து நீ பார்க்கிறதுக்குள்ள மாத்தி வெச்சிட்டிருக்கேன்.”

சுனில்டா வாளியைக் கீழே வைத்தாள். பால் தளும்பிச் சிந்தியது. முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பச்சை முட்டைகளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், எதல்மிராவை மட்டும் பார்க்கவில்லை.

என் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை இவளுக்கு என்று எதல்மிராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“உன் இனத்தைக் கெடுத்தவ நான். நாளைக்குச் சந்தையில எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன். இனி அந்தப் பக்கமே வரமாட்டேன், போதுமா?”

“ஐயோ, வேணாம் அக்கா! யாருகிட்டயும் சொல்லாத!”

“ஏன்டி? தப்பு என்னுதுதானே?”

சுனில்டாவின் காது மடல்வரை சிவந்துவிட்டது. “போன வருஷம் சந்தை முடிஞ்ச மறுநாளே, அந்த அடைமழையில, புருஷன் வீட்டு ஆளுங்க ஏழு பேர் சொல்லாம கொள்ளாம வந்து இறங்கிட்டாங்க. வீட்டுல கறின்னு ஒண்ணும் இல்லை.”

“அதுக்கும் இதுக்கும் என்னடி?”

கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு இன்னமும் எதல்மிராவை முறைத்துக்கொண்டிருந்த சேவலை சுனில்டா கைகாட்டினாள்.

“இது எங்க வீட்டுலயே பொரிச்சது அக்கா. உன் சேவலை அன்னைக்கே குழம்பு வெச்சுட்டேன்.”