கோபார்க்காரன்

"அப்படியெல்லாம் அவன் எழுதவே மாட்டான்!" என்று திரையைப் பார்த்துச் சீறினாள் கிளெனிஸ்.

திரையில் தங்கப்பல் கட்டிய ஒருவன், "என் ராசாத்தி" என்று கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தான்.

"சும்மா இரு கிளென், வசனம் கேக்கல," என்றார் முன்வரிசையிலிருந்த மெர்வ்.

புல்தரையில் பந்துருட்டி ஆடும் ஊர் பௌல்ஸ் கிளப்பின் பெருந்திரையில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் கால்பந்தாட்டமே ஓடும். இன்று அதை நிறுத்திவிட்டு நாடகம் போட்டிருந்தார்கள். தங்கள் ஊர்ப் பெண் ஏமாந்த கதையைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள் என்றால் வீட்டில் யார்தான் இருப்பார்கள்? நாற்பது பேர் பீர்க் குவளைகளோடு வந்து அமர்ந்திருந்தனர்.

ஏமாந்தவள் கிளெனிஸின் அக்காள் நொலீன்.

அவள் தங்கையின் அருகிலேயே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இன்றுதான் கிளப்புக்குள் கால் வைத்திருந்தாள். இன்றும் இவர்கள் சிரித்தால் இனி அவள் வாசற்படி தாண்டமாட்டாள். கிளெனிஸ் அதை நன்கு அறிவாள்.

பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். மற்றதெல்லாம் ஊரறிந்த கதை.

கணவனை இழந்த நொலீனுக்கு இணையத்தில் டெஸ் என்றொருவன் அறிமுகமானான். கோபார் என்ற தொலைதூர ஊரில் சுரங்க வேலை என்றான். பதினான்கு மாதங்கள், நாள் தவறாமல் கடிதம் வந்தது. வந்ததையெல்லாம் நொலீன் தங்கைக்கு வாசித்துக் காட்டுவாள். வாசிக்கும்போது அவள் முகத்தில் பத்து வயது குறையும்.

பின்னர் ஒருநாள், அவனோடு வாழப்போவதாகச் சொல்லி, வீட்டின்முன் விற்பனைப் பலகையை நட்டாள்.

அந்த வாரமே டெஸ் சாலை விபத்தில் இறந்தான். அவனுடைய தம்பியிடமிருந்து நான்கு வரிகள் வந்தன. வெள்ளிக்கிழமை அடக்கம், உறவினர் மட்டும்.

துக்க வீட்டுக்கு உணவுத் தட்டில்லாமல் போவது அவ்வூர்ப் பெண்களின் வழக்கமன்று. உள்ளே விடாவிட்டாலும் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பலாமே என்று, முட்டை சாண்ட்விச்சுகளை அடுக்கி, ஈரத்துணி போர்த்தி, நானூறு கிலோமீட்டர் தனியே கார் ஓட்டிச் சென்றாள் நொலீன். அங்கே தேவாலயத்தில் ஓர் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. இறந்தது தொண்ணூறு வயதுக் கிழவி என்பது தெரியுமுன்பே, அவள் தட்டைத் திறந்து அழுதபடி எல்லாருக்கும் பரிமாறத் தொடங்கியிருந்தாள்.

டெஸ் என்று ஒருவன் கோபாரில் பிறக்கவேயில்லை.

வெளிநாட்டுக் கும்பலின் வேலை என்று சொல்லிக் காவல்துறை கோப்பை மூடிவிட்டது. செய்தித்தாள் அந்தத் தட்டைப் பற்றி எழுதியது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

இப்போது திரையில் தங்கப்பல்காரன் நான்கு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, அவளுடைய கடிதமொன்றைப் பெண்குரலில் வாசித்துக் காட்டினான்.

"கேளுங்கடா, புருஷன் செத்து மூணு வருஷமாச்சாம். கிழவி இன்னும் ரெண்டு கோப்பை டீ போட்டு வைக்கிறாளாம்!"

மெர்வ் தொடையில் தட்டிச் சிரித்தார். அவருக்குப் பின்னாலிருந்தவர்களுக்கும் அது தொற்றிக்கொண்டது.

நொலீனின் விரல்கள் கைப்பையின் பூட்டை இறுகப் பற்றின.

கிளெனிஸ் எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்து விழுந்தது. ஆத்திரத்தில் அவளுக்குக் கண் மறைத்தது. பல்லிளிக்கும் மெர்வின்மேல் ஆத்திரம். எங்கோ ஒரு நகரத்தில் குளிரூட்டிய அறையில் அமர்ந்து, ஒரு நல்ல மனிதனை இப்படிப் பொறுக்கியாக்கி எழுதியவர்கள்மேல் அதனினும் பெரிய ஆத்திரம்.

"என்னய்யா இளிப்பு வேண்டிக்கிடக்கு? அவன் இவளப் பாத்து ஒருநாளும் சிரிச்சதில்ல! ஒரு காசு கேட்டதில்ல! ஒருத்தருக்கும் இதப் படிச்சுக் காட்டினதில்ல! அந்த ரெண்டு கோப்பை டீயப் படிச்ச அன்னிக்கு அவனுக்குச் சோறே எறங்கல, தெரியுமா?"

"அடேயப்பா! உனக்கெப்படிம்மா தெரியும்? நீ என்ன அவனுக்கு மச்சினியா?" என்றார் மெர்வ்.

கிளப் குலுங்கிற்று. யாரோ சிரிப்பில் பீரைக் கொட்டினார்கள்.

இந்தச் சிரிப்பு தன்னைப் பார்த்து. அக்காளைப் பார்த்து அன்று. கிளெனிஸுக்கு அது போதுமாயிருந்தது. நன்றாகச் சிரிக்கட்டும், இன்னும் ஓராண்டு வைத்துச் சிரிக்கட்டும் என்று எண்ணியவளாய், நாற்காலியை நிமிர்த்திப் போட்டு அமர்ந்தாள்.

நொலீன் சிரிக்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில், அவளைப் போலவே உடுத்திய ஒரு நடிகை கோபார்ச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள். எல்லாருடைய பார்வையும் அங்கே திரும்பிற்று.

நொலீன் சாய்ந்து, தங்கையின் காதருகே வாயை வைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது, பற்கள் மட்டும் கடிபட்டிருந்தன.

"அவன ஏன்டி சாகடிச்ச? வேற எவளோடயோ ஓடிப்போறேன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? திட்டறதுக்காச்சும் எனக்கொரு ஆள் மிஞ்சியிருப்பான்."