ஒட்டிக் கொடுத்த கடிதம்

த்ரீவீலர் மாத்தளை டவுனைத் தாண்டுவதற்குள் நஸ்மியாவுக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. பீ.ரி. விளையாட்டு நேரத்தில் மகள் நிப்லா மைதானத்தில் விழுந்துவிட்டாளாம். பாடசாலையிலிருந்து வந்த போன் கோலில் அவ்வளவுதான் சொன்னார்கள்.

"ஏலாத புள்ளைன்டு கடிதம் குடுத்தும் ஓட விட்டிருக்காங்களே, அந்த டீச்சர் ஒரு மனுசியா?" என்று ட்ரைவரிடம் பொரிந்து தள்ளினாள்.

உள்ளுக்குள் வேறொரு பயம் குடைந்தது. அந்தக் கடிதம் பச்சைப் பொய்.

'மகளின் இருதயத்தில் ஓட்டை இருக்கிறது. ஓடவோ குதிக்கவோ கூடாது' என்று ஜனவரியில் அவளே எழுதி, கவரை ஒட்டி, நிப்லா கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். ஓ.எல். பரீட்சை வருசத்தில் வெயிலில் ஓடி என்ன பட்டமா கிடைக்கப்போகிறது? அந்த நேரத்தில் நாலு கணக்குச் செய்யலாமே. மற்றத் தாய்மார் கால்வலி என்று எழுதுவார்கள். யாரும் மறுகேள்வி கேட்கக்கூடாதென்று இவள் இருதயத்தில் கை வைத்தாள்.

நினைத்ததற்கு மேலேயே நடந்தது. நிப்லா பெட்மின்டன் மட்டையை அலமாரிக்கு மேல் போட்டாள். பாடசாலை விட்டால் வீடு, வீட்டில் கதிரையில் உட்கார்ந்தபடி. மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நஸ்மியா பூரித்துப்போனாள்.

இப்போது த்ரீவீலர் பாடசாலை வாசலில் நின்றது. எழுதினது பலித்துவிட்டதோ? யா அல்லாஹ், பொய் சொன்னது நான்தானே, அவளை ஏன்?

நோயாளர் அறை வாசலில் பீ.ரி. டீச்சர் சிவதர்ஷினி நின்றாள்.

"என்ட புள்ளைய ஏன் ஓட விட்டீங்க?"

"நான் ஓடச் சொல்லேல்லை அம்மா. கடிதம் கண்ட நாளிலையிருந்து மரத்தடியிலைதான் இருத்தி வைக்கிறனான். இண்டைக்கு, 'ஒரே ஒருக்கா எல்லாரோடையும் ஒரு சுற்று நடந்து வாறன் டீச்சர்' எண்டு கெஞ்சினவ. பாதியிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டா. அம்புலன்சுக்குச் சொல்லியாச்சு. டொக்டர் எழுதிற கிளினிக் கொப்பி கொண்டு வந்தனீங்களோ?"

இல்லாத இருதய வருத்தத்துக்கு எந்தக் கிளினிக்கில் கொப்பி கொடுப்பார்கள்?

உள்ளே போனாள். நிப்லா கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்தாள். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. தாயைக் கண்டதும் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அழாதீங்க உம்மா. அந்தக் கடிதத்த நான் அன்டைக்கே பிரிச்சு வாசிச்சுட்டேன்."

நஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். பெற்ற மகளிடமே பிடிபட்டுப்போனாள். "மகள், உம்மா என்னத்துக்கு அப்படி எழுதினேன்னா..."

"தெரியும் உம்மா. நான் பயந்துருவேன்டுதானே எனக்கிட்ட மறைச்சீங்க? எனக்குக் கோவமில்ல."

நிப்லா தாயின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இப்பவாவது உண்மையச் செல்லுங்க. இன்னும் எத்தின வருசம் இருப்பேன்டு டொக்டர் செல்லினாரு?"