பன்னீரில் வெளுத்த கூறைச்சீலை

நொய்யல் கரையில் இலைமட்கு கொட்டி வளர்த்த நுண்ணுயிர்கள், மட்கு சாயக்கழிவைப் பிடித்துக் கொடுக்கக் கொடுக்க, அதை ஒரு சொட்டு விடாமல் தின்று தீர்த்தன. ஆறு கண்ணாடி மாதிரி ஓடியது. அவற்றின் பசிதான் அடங்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் பட்ட துணியெல்லாம் சாயம் போய் வெளுத்தது.

அதனால் மகள் நறுமுகையின் கல்யாணப் பட்டுகளைத் தாரணி ஈரம் படாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றினாள். முகூர்த்தத்தன்று வாசலில் நின்று அவளால் காவல் காக்க முடியவில்லை. கணவனை இழந்தவள் எதிரே வரக்கூடாதென்று சமையல்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் எவரோ ஆற்றுத் தண்ணீர் கலந்த பன்னீரை எல்லார்மேலும் தாராளமாகத் தெளித்தார்கள்.

மேளம் வேகமெடுத்ததும் மனசு கேளாமல் தாரணி மேடையோரம் வந்து நின்றாள். அவளுடைய வெள்ளைச் சீலையைக் கண்டதும் மாப்பிள்ளையின் பெரியப்பா எகிறினார்.

"வெள்ளச் சீலைக்காரங்க மேடைய உட்டு எறங்குங்கோ! சாங்கியம்னு ஒண்ணு இருக்குதில்ல!"

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். புருஷன் பக்கத்திலேயே நிற்க, அடித்துப்பிடித்து இறங்கினாள். அத்தைமார், நாத்தனார் எல்லாரும் பின்னாலேயே இறங்கினார்கள். கடைசியில், செக்கச்செவேலென்று வந்த கூறைச்சீலை பால்போல வெளுத்திருக்க, நறுமுகையும் மாலையோடு எழுந்துவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் தாலியும் கையுமாக மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ஏனுங்க பெரியப்பா, இப்ப நான் ஆருக்குங்க கட்டறது?"