நாய்க்குப் போன ஈரல்

ஆட்டு ஈரல் கிலோ அறுநூறு. ஒன்பது வயது பேச்சித்தாயின் ஈரலைக் காப்பாற்ற இரண்டரை லட்சம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவள் தகப்பன், கறிக்கடை சுடலைமுத்து, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பேரம் பேசவில்லை.

“வீட்டுல நாய் உண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

“கடையில ஒண்ணு கிடக்கு சார். பாப்பா அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேதான் திரியும்.”

“அதுக்கு என்ன போடுவீங்க?”

சுடலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். “நீர்க்கொப்புளம் வச்ச ஈரல. மத்த கடைக்காரன் கொப்புளத்த அறுத்துட்டு வித்துருவான். நான் ஒருநாளும் ஜனங்களுக்குக் கெட்டதக் குடுத்ததில்ல சார். அப்படியே நாய்க்கு வீசிருவேன். ‘அண்ணாச்சி, உம்ம நாய்க்குத்தான் யோகம்’னு எல்லாரும் கேலி பண்ணுவாவ.”

டாக்டர் பேனாவை மூடினார். “அந்தக் கொப்புளம்தான் நாய் வயித்துல புழுவாகுது. புழுவோட முட்டை நாய் முடியில ஒட்டிக்கும். தடவின கையோட பிள்ளை சாப்பிட்டா, பிள்ளை ஈரல்ல கொப்புளம்.”

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு கண்ணாடிக் குடுவையைக் காட்டினார்கள். உள்ளே மிதந்தது இன்னதென்று சுடலைமுத்துவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“ஏழு எடுத்தாச்சு,” என்றார் டாக்டர். “இன்னும் ரெண்டு, பெரிய ரத்தக்குழாயில ஒட்டிக்கிட்டு இருக்கு. தொட முடியல.”